மலையின் நடுப்பகுதி

வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களின் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவரை அந்த மேற்கத்திய இசைக்குழுவில் எல்லோரும் சிகரம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நடுத்தர உயரம். கொஞ்சம் கூனலும் உண்டு. அந்தப் பெயரை வாங்கித் தந்தது எழுதி முடியாத ஓர் இசை. மலையையும் காட்டையும் பற்றி, முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பதற்காக, பல வருடங்களாக அதை எழுதிக்கொண்டிருந்தார். ஒத்திகை இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது யாராவது ஒருவர் வாயைக் கிளறுவார்.

"என்ன சிகரம், எது வரைக்கும் ஏறியிருக்கீங்க?"

"பாதி."

"போன வருஷமும் பாதிதானே சொன்னீங்க?"

"நடுவுல கொஞ்சம் இறங்கிட்டேன்."

சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடப்பார்.

அவருக்கு உட்கார்ந்து எழுத வராது. மூன்றாம் மாடி வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த வாஷிங் மெஷினின் மூடிதான் அவருடைய மேசை. நின்றபடி எழுதலாம், ஒரு வரி எழுதிவிட்டு ஜன்னல் வரை போய்த் திரும்பலாம், மனம் ஒத்துழைக்காவிட்டால் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொள்ளலாம். இடைஞ்சல் மனைவியின் உருவத்தில் வரும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குத் துணி துவைக்கக் கிடைப்பது விடுமுறை நாள் ஒன்றுதான்.

"ஏங்க, மலையைக் கொஞ்சம் தூக்குறீங்களா? துணி போடணும்."

"இப்பதான் ஒரு இடம் பிடிபட்டுச்சு."

"பிடிபட்டதைக் கையில வெச்சுக்கங்க. எனக்கு மூடி வேணும்."

இசை படித்து முடித்து வேலை கிடைக்காமல் திரிந்த காலத்தில் சிகரம் ஒரு வருடம் மலையில் இருந்தார். காட்டுத் தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் காவலாள் வேலை. உச்சியில் ஒரு கூண்டு, ஒரு தொலைநோக்கி, ஒரு வயர்லெஸ் கருவி. காலையிலும் மாலையிலும் 'புகை இல்லை' என்று கீழே சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் மலையும் அவரும்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. "அந்த அமைதி இருக்கே..." என்று அவர் ஆரம்பிக்கும்போது மனைவி அடுப்பை அணைக்க எழுந்து போய்விடுவார். அடுப்பு எரிகிறதா என்பது முக்கியமில்லை.

ஓர் அனுபவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர், நாளடைவில் அனுபவத்தைத் தொலைத்துவிட்டுத் தான் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறார். சிகரத்துக்கும் அதுதான் நேர்ந்தது. அவர் எழுதிய இசை மூன்று பகுதிகள் கொண்டது: ஏற்றம், நடுப்பகுதி, இறக்கம். ஏற்றமும் இறக்கமும் வெறும் வழி என்பது அவர் எண்ணம். நடுப்பகுதியில்தான் மலை இருந்தது. அங்கே ஆளுயரத் தந்திக் கருவிகளான டபுள் பாஸ்கள் மட்டும் அடித்தொண்டையில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும். மற்ற எல்லோரும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நெடுநேரம். பிறகு ஓபோ என்ற மரக்குழல் ஒற்றையாக எழும். அதற்குப் பின்னால் தூரத்திலிருந்து கேட்பதுபோல் ஹார்ன் என்னும் பித்தளைக் கொம்புகள்.

அந்த இசைக்குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்தில் ஒரு முற்பகலை, குழுவில் வாசிப்பவர்களே எழுதிய இசையை முன்பயிற்சி இல்லாமல் தாளைப் பார்த்தபடியே வாசித்துப் பார்க்க ஒதுக்குவார்கள். பிடித்ததை, கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநர் கச்சேரிக்கு எடுத்துக்கொள்வார். வெளியாட்களுக்கு இடமில்லை. சிகரம் ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றே தள்ளிப்போட்டார். இப்போது அடுத்த வருடம் என்பது அவருக்கு இல்லை. பணி ஓய்வு நெருங்கிவிட்டது. இந்த முற்பகலில் வாசிக்கப்படாவிட்டால் அந்த மலையை இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை.

கொடுத்துவிட்டார். ஒவ்வொரு கருவிக்குமான தாளையும் தானே எழுதினார். எதிரே பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு வழக்கமான கடைசி நாற்காலியிலேயே வயோலாவோடு உட்கார்ந்தார். ஒரே தாங்கியில் அவரோடு தாள் பார்த்து வாசிக்கும் பெண் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, மூச்சு விடுங்க. கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைச்சிட்டு இருக்கீங்க."

ஏற்றம் பழுதில்லாமல் போயிற்று. நடுப்பகுதி வந்தது. டபுள் பாஸ்கள் பிடித்தன. மற்றவர்கள் கருவியை இறக்கினார்கள்.

வாசிக்க ஒன்றும் இல்லாதபோது இசைக்குழுவில் இருப்பவர் ஓய்வெடுப்பதில்லை. தாளக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார். சிலர் தொடையில் விரல் மடக்குவார்கள், சிலருக்கு உதடு அசையும். எண்ணிக்கை நழுவினால் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் நழுவிவிட்டால், யார் தயங்காமல் முதலில் உள்ளே வருகிறாரோ அவரை நம்பி மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் தவறினாலும் குழு தவறாது. கேட்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத குழுவுக்கு அது ஊறிப்போன பழக்கம்.

அவ்வளவு நீளமான காத்திருப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருவர் இருமினார். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஓபோக்காரர் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓபோக்காரர் கருவியை வாயில் வைத்து, துளியும் தயக்கமின்றி, வர வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே உள்ளே வந்தார். ஹார்ன்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. நடத்துநர் சட்டென்று பக்கங்களைப் புரட்டி அவர்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வயலின்கள் வந்தன. வயோலாக்கள் வந்தன. இறக்கம் ஜோராக நடந்து முடிந்தது.

வில்லால் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். "சிகரம், அசத்திட்டீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் மடியிலிருந்த வயோலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடத்துநர் அவரைவிட வயதில் சிறியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர் என்று பெயரெடுத்த பெண். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கே வந்தார்.

"கச்சேரிக்கு எடுத்துக்கறேன் சார். இப்ப வாசிச்ச மாதிரியே."

"மேடம், நடுவுல பாதிக்கு மேல காணாமப் போச்சு."

"தெரியும். போனது நல்லதுக்குத்தான். அந்த இடத்துல யாராலயும் இருக்க முடியல."

"அதுதான் மேடம் மலை. அது இல்லன்னா மத்தது வெறும் படிக்கட்டு."

"சார், தப்பா நினைக்காதீங்க. ஓபோ வந்தப்ப உங்க வில்லும் கூடவே எழுந்துச்சு. நான் பார்த்தேன்."

உண்மைதான். எத்தனை கட்டங்கள் என்பதை அந்தக் கூடத்தில் சந்தேகமில்லாமல் அறிந்த ஒரே ஆள் அவர். ஓபோ தவறி வந்தது அவர் காதில் விழுந்தது. விழுந்த அதே கணத்தில், பல வருடப் பழக்கத்தில், கை எழுந்து எல்லோரோடும் சேர்ந்துகொண்டது. நிற்கச் சொல்லி அவர் எழுதியிருந்தார், அவரே நிற்கவில்லை.

"வேற வழி இருந்தா கொண்டு வாங்க. அடுத்த ஒத்திகையில கொஞ்ச நேரம் தர்றேன். இல்லன்னா இதுதான்," என்று சொல்லிவிட்டு நடத்துநர் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது சுலபமாக இல்லை. வாஷிங் மெஷின் முன்னால் நின்றார், நடந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். காத்திருப்பைப் பாதியாக்கிப் பார்த்தார், உயிர் இல்லை. கட்டங்களை எண்ண வசதியாக நடுநடுவே சின்னச் சின்ன ஒலிகள் சேர்த்துப் பார்த்தார். கடிகாரக் கடை மாதிரி இருந்தது. எழுதிய நீளத்துக்கு, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் அசையாமல் உட்கார முயன்றார். பாதி தாண்டவில்லை, எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"என்ன வேணும்?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"அப்ப மூடுங்க. அதுவாவது சும்மா இருக்கட்டும்."

தாள்களை நகலெடுக்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. மனைவியின் தம்பி காரில் அழைத்துப் போனார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். இசை என்றால் காரில் ஓடுவது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. சிகரம் டாஷ்போர்டில் விரலால் தட்டினார், கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார்.

"மாமா, நீங்க தட்டுறதால அது பச்சையாகாது."

"ரொம்ப நேரமா இருக்கே."

"இப்பதான் விழுந்துச்சு. ஒரு சிக்னல்ல நிக்க முடியல உங்களால. ஒரு வருஷம் மலை உச்சியில எப்படித்தான் இருந்தீங்களோ! சும்மா சொல்லுங்க, நிஜமாவே இருந்தீங்களா?"

"இருந்தேன்டா."

"என்ன பண்ணுவீங்க?"

"பாத்துட்டு இருப்பேன்."

"நாள் பூராவுமா? நம்பிட்டேன்."

பச்சை விழுந்தது. மைத்துனர் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டார். சிகரத்தின் காதில் அது ஏறவில்லை. என்ன செய்தோம் என்று அவர் முதல் தடவையாக யோசித்துக்கொண்டிருந்தார். கூண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது ஞாபகம் வந்தது. பலகை தேய்ந்து வழவழப்பாகும் அளவுக்கு நடந்திருந்தார். அரிசி மூட்டையும் தபாலும் கொண்டுவரும் ஜீப்பின் சத்தத்துக்காகக் காது எப்போதும் கீழேயே இருந்தது. வேளை ஆவதற்கு முன்பே வயர்லெஸ்ஸைக் கையில் எடுப்பார், பேசலாமா என்று வாயைத் திறப்பார், வைத்துவிடுவார். தொலைநோக்கியை மலைப் பக்கம் திருப்பியதைவிட ஊர்ச் சாலையின் பக்கம் திருப்பியதே அதிகம். ஒரு தரம், எங்காவது கொஞ்சம் புகை வந்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

மலை அமைதியாக இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. கீழே இறங்கி வந்த பிறகு, மலையின் அமைதியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார். நாம் தனிமையில் கண்டதாகச் சொல்வதில் பெரும்பகுதி இப்படிக் கடன் வாங்கியதுதான். ஆனால் அதை ஓர் இசைக்குழுவின் முன் வைக்கும் துரதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"வண்டியைத் திருப்பு," என்றார்.

"நகல் எடுக்கல?"

"நிஜத்தை இன்னும் எழுதவே இல்ல. எதை நகல் எடுக்கிறது?"

அடுத்த ஒத்திகையில் புதுத் தாள்கள் தாங்கிகளில் இருந்தன. நடத்துநர் கையை உயர்த்துவதற்குள் ஓபோக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன சிகரம், நக்கலா? நான் உள்ள வந்து தடுக்கி விழறதை மூணு இடத்துல எழுதி வெச்சிருக்கீங்க. அன்னிக்குத் தப்பு பண்ணினேன், ஒத்துக்கறேன். அதுக்காக ஊருக்கே போட்டுக் காட்டணுமா?"

"உங்களுக்கு மட்டும் எழுதல. ஹார்னுக்கு இருக்கு, கிளாரினெட்டுக்கு இருக்கு. வயோலாவுக்குத்தான் அதிகம். பாருங்க."

பக்கத்துப் பெண் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஆமாங்க. நாங்க ஆறு தடவை வில்லைத் தூக்கிட்டு ஒண்ணும் வாசிக்காம இறக்கறோம். எங்களைவிடவா உங்க மானம் போகுது?"

ஓபோக்காரர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது தப்பு இல்லன்னா, என்ன இது?"

"நான் அங்க இருந்தது இப்படித்தான்."

ஓபோக்காரர் உட்கார்ந்தார்.

நடுப்பகுதி வந்தது. நீளத்தில் ஒரு கட்டமும் குறையவில்லை. டபுள் பாஸ்கள் அதே சுரத்தைப் பிடித்தன. அதன் மேல் ஒரு கிளாரினெட் வாய் திறந்து, பாதிச் சொல்லில் நின்றது. வயோலாக்கள் எழுந்து, தொடாமல் இறங்கின. ஓபோ உள்ளே வந்து, யாரும் கூட வராததை உணர்ந்ததுபோல் அறுந்தது. ஒரு ஹார்ன் மூச்சை மட்டும் ஊதியது. கீழே அந்த ஒற்றைச் சுரம் எதற்கும் அசையாமல் நின்றது. ஒவ்வொருவரும் உள்ளே வரத் துடித்துக்கொண்டிருந்ததும் யாரும் வர முடியாததும் கூடம் முழுவதும் தெரிந்தது. ஒருவருக்கும் எண்ணிக்கை நழுவவில்லை.

இதை உயர்ந்த படைப்பு என்று சொல்வதற்கில்லை. ஏற்றம், மலையைப் பற்றி யார் எழுதினாலும் வரக்கூடிய ஏற்றம்தான். இறக்கத்தில் ஆரவாரம் அதிகம். நடுப்பகுதி மட்டும், அது நீடித்த நேரம் வரைக்கும், ஒரு மனிதன் மலையின் முன் உண்மையில் எப்படி இருந்தான் என்பதைச் சொன்னது. அது கொஞ்சமில்லை.

முடிந்தபோது யாரும் தாங்கியைத் தட்டவில்லை. நடத்துநர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார்.

"ஓபோ, மூணாவது தடவை இன்னும் திடீர்னு நிறுத்துங்க. உங்களுக்கு என்ன ஆச்சோன்னு கேக்கறவங்களுக்குத் தோணணும். வயோலா, வில்லைச் சேர்ந்தாப்பல தூக்காதீங்க. ஆளுக்கொரு நேரம். நடுப்பகுதி ஆரம்பத்துல இருந்து மறுபடி."

கூடமெங்கும் பென்சில்களைத் தேடும் சத்தம் கேட்டது. ஒரு முறை வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிடும் தாளில் இசைக்குழுக்காரர் எவரும் பென்சில் வைப்பதில்லை. மேடையேறப்போகும் தாளில்தான் குறித்துக்கொள்வார்கள். ஓபோக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு முன்வரிசைக்காரரிடம் கை நீட்டினார். சிகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஆறு இடங்களிலும் அழுத்தி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

சிகரம் அதைப் பார்க்கவில்லை. தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அதையே முறைத்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"இந்தக் கடைசிப் பக்கம் பொய்யா இருக்கு. நான் கீழ இறங்கும்போது இவ்வளவு சந்தோஷமா எல்லாம் இறங்கல. திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு," என்றார் பக்கத்துப் பெண், பென்சிலைக் கீழே வைக்காமலேயே.

நடத்துநர் கையை உயர்த்தினார். "முதல்ல இதை வாசிங்க சார்."