அட்டையில் போட்ட விலை

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் நவநீதகிருஷ்ணன் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறார். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விலையைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, மூக்கால் சிரிக்கிறார். "பத்து ரூவாயாம்," என்கிறார் டீக்கடைக்காரரிடம். அவர் அடுத்த கிளாஸைக் கழுவுகிறார். தினமும் கேட்பதுதான்.

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. சிவகாசியில் ஒரு பட்டாசு வியாபாரக் கம்பெனியில் அவருக்கு வேலையே விலை போடுவதுதான். கிஃப்ட் பாக்ஸ் அட்டைகள் அச்சுக்குப் போகிற சமயத்தில் முதலாளி ஒரு காலிப் பெட்டியை மேஜையில் வைத்து, "இதுக்கு என்ன போடலாம்?" என்பார். நவநீதகிருஷ்ணன் பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கண்ணை மூடி ஓர் எண்ணைச் சொல்வார். ஐந்நூறுக்கு விற்கப்போகிற பெட்டிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் எண்பது சதவீதம் தள்ளுபடி. விற்கிறவருக்கும் விஷயம் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் தள்ளுபடி போடாத பெட்டியை யாரும் கையால் தொடுவதில்லை. "சனங்க எங்க வெடிய வாங்குறாக? தள்ளுபடியத்தான் வாங்குறாக," என்பார் நவநீதகிருஷ்ணன்.

காலமெல்லாம் இதையே செய்து செய்து, மனிதருக்கு உலகத்தில் எந்த விலையின் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதுகூட, "ரெண்டாச் சேத்து எடுத்தா எம்புட்டு?" என்று கேட்டுவிட்டு, பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வார். கடையில் பேரம் படியாவிட்டால் எழுந்து வெளியே நடப்பார். அந்த நடையைப் பார்க்க வேண்டும். படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வார், மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுவார், வெயிலைப் பார்ப்பார். முதுகில் காது முளைத்திருக்கும். "அண்ணாச்சி, வாங்க வாங்க" என்று கடைக்காரர் கூப்பிட்டதும் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகத்தான் அவர் பொருளே வாங்குகிறாரோ என்று நினைக்கத் தோன்றும்.

வீட்டுக்கு வந்தால் இதன் இரண்டாம் பாகம். வாங்கியதைக் கூடத்தில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிடுவார். "ஸ்ரீமதி, எம்புட்டு இருக்கும் சொல்லு." ஸ்ரீமதி பொருளைத் தொட்டுப் பார்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள், யோசிப்பாள். "ரெண்டாயிரம் இருக்குமா?" என்பாள். "ஆயிரத்து நூறு," என்பார் அவர். "அப்பிடியா," என்று அவள் வாயில் கை வைப்பாள். அன்று ராத்திரி சாப்பாடு அவருக்கு ருசியாக இருக்கும்.

அந்த ஸ்ரீமதி, கல்யாணமாகி இத்தனை வருடங்களில் முதல் முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். சைக்கிள். அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை. மவுண்டன் பைக் என்கிறார்களே, தடித்த டயரும் கியரும் வைத்தது.

பக்கத்து வீட்டு அழகுமீனாவும் இன்னும் சில பெண்களும் காலையில் வெம்பக்கோட்டை ரோட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள். கல்லூரிக்குப் போன மகனின் மவுண்டன் பைக்கை அழகுமீனா ஸ்ரீமதிக்குக் கொடுத்திருந்தாள். ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் கண்மாய்க் கரை வரைக்கும் போய்த் திரும்புவார்கள். மழை பெய்து விட்டால் அந்தப் பாதையில் சாதா சைக்கிள் நகராது. களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்துவிடும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஸ்ரீமதி கரையில் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் வேர்த்து வீடு திரும்புவாள். மூட்டு வலி என்று அவள் முனகி நவநீதகிருஷ்ணன் கேட்டு நாளாகியிருந்தது. அப்புறம் அந்தப் பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சைக்கிளும் அவனோடு போய்விட்டது.

"எனக்கு ஒண்ணு வாங்கித் தாங்க," என்றாள் ஸ்ரீமதி. அவளே போய் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த வீட்டில் பொருள் வாங்குவது அவருடைய ராஜ்யம். அவள் வாங்கியது ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ மட்டும். அதை வாசல் நிலைக்குப் பக்கத்தில், அவருடைய செருப்புக்கு அருகில் வைத்தாள். அப்போது ஆடி மாதம்.

நவநீதகிருஷ்ணன் மனசார இறங்கினார். நியாயமான விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். சிவகாசிக் கடை ஒன்றில் முப்பதாயிரம் என்று ஒட்டி, நாற்பது சதவீதம் தள்ளுபடி என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் மனசுக்குள் ஐந்தால் வகுத்து, "ஆறாயிரம்" என்றார். கடைக்காரர், "அண்ணாச்சி, இது வெடிப் பெட்டி இல்ல," என்றார். பிறகு நவநீதகிருஷ்ணன் ஃபோனில் தேடினார். காலையில் ஒரு விலையும் சாயங்காலம் ஒரு விலையும் காட்டியது. "இவன் நம்மாளுல்லா," என்று சந்தோஷப்பட்டாரே தவிர, வாங்கவில்லை. நாளைக்கு இன்னும் இறங்கினால்?

ஆடி முடிவதற்குள், சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் பட்டாசு லைசென்ஸ் வேலையாகப் போன ஒருநாள், திரும்பும் வழியில் விருதுநகரில் கற்பகவல்லி என்ற பெண் நடத்தும் சைக்கிள் கடையில் ஏறினார். டயரும் டியூபும் தொங்குகிற நடுத்தரக் கடை. போர்டில் தள்ளுபடி கிடையாது. கறுப்பில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் ஃப்ரேம் சட்டத்தில் முப்பத்திரண்டாயிரம் என்று ஸ்டிக்கர்.

"அது கம்பெனிக்காரன் ஒட்டினது, அதப் பாக்காதீக," என்றாள் கற்பகவல்லி. "நான் குடுக்கிறது பத்தொம்பதாயிரம். யாரு ஓட்டப் போறது?"

"அது எதுக்கும்மா? கடைசியா எம்புட்டு?"

"மொதல்ல சொன்னதுதான் கடைசியும்."

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லு."

"குறைக்கிறதுக்கு நான் கூட்டிச் சொல்லலையே அண்ணாச்சி."

நவநீதகிருஷ்ணனுக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. தள்ளித் தள்ளித் திறந்தே பழகியவருக்குத் திறந்து கிடந்த கதவு அது. எடுத்த எடுப்பில் பத்தொன்பது என்றால் இதன் அசல் விலை என்னவாக இருக்கும் என்று சந்தேகம் வந்தது. எழுந்தார். படியில் நின்று செருப்பைச் சரிசெய்தார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். வெயிலைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் மெதுவாகவே நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

தீபாவளி சீசன் வந்தது, போனது. கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்துவிட்டதாக அழகுமீனா வந்து சொன்னாள். ஸ்ரீமதி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நவநீதகிருஷ்ணன் கடைசியாக மதுரைக்குப் போய்ப் பெரிய ஷோரூம்கள் எல்லாம் ஏறி இறங்கினார். எங்கேயும் மனசு ஒப்பவில்லை. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு, பஜாரில் ஒரு குக்கரை அடித்துப் பேசி ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கி வந்தார்.

கூடத்தில் வைத்தார். "ஸ்ரீமதி, எம்புட்டு இருக்கும் சொல்லு."

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்க்கவில்லை. "எழுநூறு," என்றாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "என்ன இப்பிடிச் சொல்லிட்ட? எப்பவும் கூடத்தான சொல்லுவ?"

"வேணும்னுதான் கூடச் சொல்லுவேன்," என்றாள் ஸ்ரீமதி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "நீங்க அட்டையில போடுறீகள்ல, அது மாதிரி. கேட்டுட்டு நீங்க சந்தோசமாச் சாப்பிடுவீக. இன்னைக்கு என்னமோ வரல."

நவநீதகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வாயில் கை வைத்த ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. ஃபேன், இஸ்திரிப்பெட்டி, அவளுடைய கண்ணாடிகூட. விலை போடுகிறவர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவர், தன் வீட்டிலேயே இத்தனை காலமும் தள்ளுபடிக்கு மயங்கிய வாடிக்கையாளராக இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள் மேல் சொல்லத் தெரியாத ஒரு பிரியம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனவர் நிலைப்படி ஓரம் காலியாக இருப்பதைக் கண்டார்.

"ஷூ எங்க?"

"பரண்ல போட்டுட்டேன். அங்கன கெடந்து தூசி அடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சைக்கிள் வேண்டாங்க, விடுங்க. எனக்கு ஆசை போயிருச்சு."

மறுநாள் விருதுநகருக்கு லோடு இறக்கப் போன கம்பெனி வேனில் நவநீதகிருஷ்ணன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சைக்கிள் அதே இடத்தில் நின்றது.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் கற்பகவல்லி.

"அதே வெலைதானா?"

"வெலை எங்க போவும்? யாரு ஓட்டப் போறதுன்னு அன்னைக்கே கேட்டேன், நீங்க சொல்லலையே."

"வீட்ல."

"உயரம் எம்புட்டு இருப்பாக?"

அவருக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள சைக்கிள் விலையெல்லாம் தெரியும், இது தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளங்கையைப் படுக்கவைத்துத் தன் காது மடலுக்கு நேராகக் காட்டினார். "இங்கன வருவா." கற்பகவல்லி அந்தக் கையைப் பார்த்துச் சீட்டை இறக்கி முறுக்கினாள். அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கடையிலிருந்து இறங்கும்போது செருப்பைச் சரிசெய்ய நிற்கவில்லை.

வேன் சத்தம் கேட்டு ஸ்ரீமதி வாசலுக்கு வந்தாள். சேலையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் சட்டத்தையும் பிடித்திருந்தார். எதுவும் கேட்காமல் நின்றார். அவர் கேட்காததைப் பார்த்து அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"முப்பதாயிரம் இருக்குமா?" என்றாள், பழைய குரலில்.

சட்டத்தில் அவர் உள்ளங்கைக்கு அடியில் அந்த முப்பத்திரண்டாயிரம் ஸ்டிக்கர் இருந்தது. கையை எடுத்தால் போதும். வாழ்நாளில் வாங்கியதிலேயே பெரிய தள்ளுபடி அது. கை அசையவில்லை.

"பத்தொம்பது," என்றார். "அந்தம்மா மொத வாட்டி சொன்னதுதான். சொன்னதக் குடுத்துட்டேன்."

"ஒண்ணுமே குறைக்கலையா?"

"இல்ல. ஆடியிலேயே குடுத்திருக்கணும்."

ஸ்ரீமதி சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பரணுக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நவநீதகிருஷ்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.