வழுக்கைத் தலையில் எடுத்த அளவு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பியோன் தே-சிக் இந்த வம்பில் மாட்டியிருக்க மாட்டார். சியோல் நகரில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். மனைவி மால்-சுன் ஆசையாக வாங்கி வந்த, தலைவழியாக மாட்டும் மஃப்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பனியன் துணிய வளையமாத் தைச்சு வச்சிருக்கான். இதுக்கா இம்புட்டு விலை? நானே தைப்பேன்" என்றார்.

மால்-சுன் மஃப்ளரை மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள். மறுநாள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்து மலையேத்தம். தைச்சுத் தாங்க. இல்லேன்னா வெறுங்கழுத்தோடதான் போவேன். யாராச்சும் கேட்டா, எங்க வீட்டுக்காரரு வாயாலயே தைச்சிட்டாருன்னு சொல்றேன்."

டிசம்பர் மாதத்து மலைக்காற்று எலும்பையே ஊசியாய்க் குத்தும். அதில் அவள் வெறுங்கழுத்தோடு நடுங்குவதை நினைக்கையில் தே-சிக்குக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதற்காகச் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா?

தோங்தேமுன் சந்தையில் துணிக்காரி சாம்பல் நிறக் கம்பளிப் பனியன் துணியை வெட்டிக் கொடுத்தாள். "பெரியவரே, இது இழுபடுற துணி. ஜிக்ஜாக் தையல் போடுங்க. நேர்த்தையல் போட்டா, இழுக்கறப்ப பட்டுனு விட்டுடும்."

"நேரா ஓட்டியே பழகினவன்மா நான். கோணல்மாணலா ஓட்ட வராது."

மச்சினி வீட்டு மெஷினை இரவல் வாங்கி உட்கார்ந்தார். வெட்டிய ஓரம் சுருண்டுகொண்டே போனது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நெளிநெளியாய் வந்தது. பிரித்தார், தைத்தார், மறுபடி பிரித்தார். மெஷினுக்கு அர்ச்சனை வேறு. ஒருவழியாக வளையம் சேர்ந்ததும் தன் தலையிலேயே மாட்டி அளவு பார்த்தார். வழுக்கைத் தலையாயிற்றே, சர்ரென்று கழுத்துக்கு இறங்கியது. "அடி சக்கை!" என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஞாயிறு காலை மால்-சுன் தலையில் மாட்டினாள். முந்தின நாள்தான் பார்லரில் முடியைச் சுருட்டி பெர்ம் பண்ணி, தலையைக் காலிஃபிளவர் மாதிரி ஆக்கிக்கொண்டு வந்திருந்தாள். வளையம் கண்ணுக்கு மேலே சிக்கி நின்றது. கீழேயும் வராது, மேலேயும் போகாது.

"ஐயோ, என் முடி! உங்க தலையில அளவெடுத்தீங்களா? விளங்கும்!"

"இரு, இரு, கத்தரியால வெட்டிடறேன்."

"வெட்டினீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்! எனக்குன்னு தைச்சத வெட்டுவாராம். இழுங்கய்யா!"

தே-சிக் ஒரு கணம் அசந்து போனார். அப்புறம் மூச்சைப் பிடித்து இழுத்தார்.

பட்!

துணிக்காரி வாக்குப் பலித்தது. தையல் மேலிருந்து கீழ்வரை விட்டு, வளையம் வெறும் துண்டாகத் தொங்கியது. தே-சிக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

மால்-சுன் முதலில் கண்ணாடியில் முடியைப் பார்த்தாள். சுருள் கலையவில்லை. பிறகு துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி, ஒரு முனைமேல் மறு முனையை வைத்து, மலையேற்றச் சங்கத்து பேட்ஜைக் குத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"கிளம்புங்க, நேரமாச்சு."

மலையடிவாரத்தில் சங்கத்துப் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையைச் சுமந்தபடி பின்னால் வந்த தே-சிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எந்தக் கடைடி?"

"கடையில கிடைக்காது. எங்க வீட்டுக்காரரு கையால தைச்சது."

ஒருத்தி கிட்டே வந்து முனையைப் பிடித்துப் பார்த்தாள். "அது சரி, ஓரமெல்லாம் நூல் தொங்குதே?"

மால்-சுன் அவள் கையைத் தட்டிவிட்டாள். "கைய எடுடி. அது டிசைன்."