ஆற்றுக்கு முதுகு காட்டியவர்

மேட்டூருக்குக் கீழே, காவிரியின் நடுப்பாறைக்கு நான் தூண்டிலோடு போனபோது அவர் அங்கே இருந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் பச்சைத் துண்டு. தூண்டில் நரம்பை விரலில் சுற்றாமல் லேசாகப் பிடித்தபடி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏனுங்க, மீனு பின்னால இருக்குது” என்றேன்.

“மீனுக்கு வெரலு போதுங்க. வந்த வழியத்தான் கண்ணு பாக்கோணும்.”

பாறைக்கும் கரைக்கும் நடுவே கணுக்கால் அளவு நீர்தான் ஓடியது. அதில் தலை தெரியும்படி ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருந்தார்.

“அணையில தண்ணி தொறந்தா சங்கு ஊதுவாங்கல்ல?” என்று கேட்டேன்.

“ஊதுவாங்க. இந்த எரச்சல்ல நமக்குக் கேக்கோணுமே.”

சற்று நேரத்தில் என் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கத்தியை எடுத்து என் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டார். கோபமாகத் திரும்பினேன். வெள்ளைக் கல்லைக் காணவில்லை.

“கையப் புடிங்க சாமி.”

தொடைவரை இழுத்த நீரில் அவர் கையைப் பிடித்தே கரையேறினேன். திரும்பிப் பார்த்தபோது பாறையின் மேல் நீர் ஓடியது.

“நல்ல மீனுங்க, போயிருச்சு” என்று அவர் வருத்தப்பட்டார். அப்போதுதான் சங்குச் சத்தம் காதில் விழுந்தது. எவ்வளவு நேரமாக ஊதிக்கொண்டிருந்ததோ.