ஏரோதின் படைவீரர்களுக்கு நாலு தொப்பிகள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மண்டபத்தின் விளக்குகள் அணைந்தன. ஏரோது அரசனின் படைவீரர்கள் நால்வரும் பெத்லகேமின் குழந்தைகளைத் தேடி மேடைக்கு வந்த கணம் அது. பொருத்தமான இடத்தில் இருட்டாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. மேடையோரம் நின்ற நானும் தட்டினேன். எனக்கு அப்போது பத்து வயது.

விளக்கை அணைத்தது எங்கள் ஆட்கள் இல்லை. மண்டபம் இருந்த கோயிலின் சாவிகளை வைத்திருந்த போலந்துக்காரர்.

சென்ற வாரம் என் மகன் பேஸ்மென்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, உள்ளே இருந்தவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பழைய ஜெர்மன் இராணுவத் தொப்பிகளைச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களாம். ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்தான். நான் போட்ட சத்தம் எனக்கே பழக்கமில்லாத சத்தம். ஏனம்மா என்று கேட்டான். வேலை முடிந்து வந்த களைப்பு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு வந்த நாட்களிலும் களைப்பாகவே இருக்கிறது. சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

தொப்பிகள் மாமாவுடையவை. அவர் காலமான பிறகு பெட்டி என்னிடம் வந்தது. அம்மாவின் தம்பியான அவர் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நகரத்தின் ஓரம், லாசாலில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் சோபாவில் படுத்தார். லீவு நாட்களில் மெட்ரோ பிடித்து, பஸ் மாறி, செயின்ட்-மிஷேல் பக்கம் இருந்த பழைய சாமான் சந்தைக்குப் போவார். விற்கிறவன் 'ஜெர்மன்' என்று சொன்னால் போதும். எந்தப் படை, எந்தக் காலம் என்று விசாரிக்க மாட்டார். விசாரிக்கும் அளவுக்கு அவரிடம் பிரெஞ்சும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கதவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டுவார். கீழே நின்று, தலையைக் குனிந்து, கண்களை மட்டும் உயர்த்திப் பார்ப்பார். பிறகு 'இதில்லை' என்று சொல்லிப் பெட்டிக்குள் போடுவார். எனக்கு அது வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு வேடிக்கை இல்லை.

"காது மூடுற தொப்பி ஒண்டு இல்லாமல் குளிருக்குள்ளை திரியிறான். வாங்கிறதெல்லாம் ஆணிக்கு."

அந்த வருட நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்பு நாடகத்தைப் பழக்கியது அம்மா. படைவீரர்களின் கடதாசித் தலைக்கவசங்கள் கடைசி ஒத்திகையில் கிழிந்துபோயின. பெட்டியை நினைவுபடுத்தியவள் நான். மாமா வேலைக்குப் போயிருந்தார். ஊரில் இயேசுவைப் பிடிக்க வந்த உரோமர்கள் தபால்காரரின் காக்கித் தொப்பியோடு மேடையேறியதை அம்மா கண்டிருக்கிறார். "தொப்பிதானே. அவன் வாறதுக்கிடையிலை திருப்பி வச்சிடுவம்" என்றார். சிறகு விரித்த பறவைச் சின்னம் உள்ளவையாக நாலை நானே தேடி எடுத்தேன். அரசனின் ஆட்களுக்கு அவை எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

போலந்துக்காரர் கத்தவில்லை. எல்லோரும் வெளியே போங்கள் என்று இருட்டுக்குள்ளிருந்து பிரெஞ்சில் சொன்னார். பிறகு வெளிப்படியில் உட்கார்ந்து சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு எங்கள் தமிழ்ப் பூசை. கோயில் போலந்துக்காரர்களுடையது, எங்களுக்கு இரவல். இதற்கு முன் இரண்டு கோயில்கள் மாறியிருந்தோம். எங்கள் பாதர் போய்ப் பேசினார். போலந்துக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். இன்றைக்கும் இல்லை, இனிமேலும் இல்லை.

சனம் பனிக்குள் நின்றது. "இதுவும் போச்சுதெண்டால் எங்கை போறது" என்று அம்மா யாரிடமுமில்லாமல் சொன்னார். பிறகு மாமாவின் வேலைத்தலத்துக்கு டெலிபோன் எடுக்க எதிரிலிருந்த தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குப் போனார். நான் தொப்பிகளைக் குப்பைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு நின்றேன். ஊருக்கே நத்தார் இல்லாமல் போனது என்னால்தான் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எப்படி என்பது விளங்கவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக மாமா வந்தார். ஜாக்கெட்டுக்குக் கீழே ஈர ஏப்ரன். காதுகள் சிவந்திருந்தன. என்னை ஏசவில்லை. பையைத் திறந்து பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போய் போலந்துக்காரருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"பிள்ளை, இஞ்சை வா. நான் சொல்லுறதை இவருக்குச் சொல்லு."

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஊரை விட்டு ஓடி வரேக்கை, கிழக்கு பெர்லினிலை பாஸ்போட் பாத்த ஒருத்தன் என்னைப் போக விட்டவன். அது கள்ளப் பாஸ்போட். அவனுக்கு விளங்கினது, எண்டாலும் விட்டவன். பயத்திலை நான் முகத்தைப் பாக்கேல்லை. தொப்பியை மட்டுந்தான் பாத்தனான். அந்தத் தொப்பியைத்தான் தேடுறன்."

பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நான் அதைச் சொன்னேன். கள்ளப் பாஸ்போட்டுக்குச் சொல் தெரியாமல், நல்லதில்லாத பாஸ்போட் என்றேன். போலந்துக்காரர் பைக்குள் கைவிட்டுப் பறவைச் சின்னத் தொப்பி ஒன்றை எடுத்தார். கவிழ்த்து, வியர்வை படிந்த உள்பட்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிறிய சிறிய வசனங்களாக ஏதோ சொன்னார். நான் மாமாவிடம் திரும்பினேன்.

"சண்டைக்குள்ளை ஜெர்மன்காரர் தங்கடை நாட்டைப் பிடிக்கேக்கை தனக்குப் பத்து வயசாம். தன்ரை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவன்ரை முகத்தைத் தானும் பாக்கேல்லையாம். தொப்பியை மட்டுந்தானாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போலந்துக்காரர் தொப்பியைப் பைக்குள் வைத்தார். சாவிக்கொத்தை மாமாவின் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு, பனிக்குள் நடந்து போனார். பாதர் ஓடிவந்து சாவியை எடுத்தார். சனம் உள்ளே போகத் தொடங்கியது. மாமா எழும்பவில்லை.

எனக்கோ பெரிய ஆறுதல். இவ்வளவு பெரிய உலகத்தில் இரண்டு பேர் தேடுகிற ஆள் ஒருவன்தான் என்று நினைத்தேன். இனிக் கண்டுபிடிப்பது சுலபம்.

"மாமா, அப்ப நீங்கள் ரெண்டு பேரும் கண்டது ஒரே ஆளையோ?"

மாமா பையின் வாயைத் திரும்பவும் முடிச்சுப் போட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார். "அப்பிடித்தான் கிடக்கு."