அந்த ஒரு ரன்னை ஓடியது யார்?

போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"பேப்பர்ல வாராவாரம் எழுதுறது நீங்கதான?"

ஆஹா, வாசகி! குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன். "ஆமாம்மா... சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரரு மூணு நாளா சரியாச் சாப்பிடல. நீங்க எழுதுனதுதான் காரணம்."

இது பாராட்டா, புகாரா? என் பத்தியைப் படித்தால் தூக்கம் வருகிறது என்று சொன்னவர்கள் உண்டு. பசி போய்விட்டது என்று சொன்னவர் இவர்தான்.

"யாரும்மா உங்க வீட்டுக்காரர்?"

"சவரிமுத்து. மில்லுல உங்க கூட பேஸ்பால் வெளாண்டவரு."



செவ்வாய்க்கிழமை வந்த பத்தியில், நான் முன்பு வேலை பார்த்த நூல் மில்லின் பேஸ்பால் டீம் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம்...

திண்டுக்கல்லை ஒட்டி இருந்தது அந்த மில். முதலாளியின் மகன் அமெரிக்காவில் படிக்கப் போனார். திரும்பி வரும்போது பட்டத்தோடு ஒரு பெட்டி நிறைய தோல் கையுறை, உருட்டு பேட், பந்து எல்லாம் கொண்டுவந்தார். எங்களில் பதினைந்து பேரைப் பிடித்து, "இனிமே நீங்கதான் நம்ம டீம்" என்றார். மதியத்துக்கு மேல் மெஷின் பக்கம் போக வேண்டாம். கிரவுண்டுக்குப் போனால் போதும், சம்பளம் உண்டு! அந்தக் கணக்கில் நாங்கள் புரொபஷனல் ஆட்டக்காரர்கள். இதைச் சொன்னால் வீட்டில் மட்டும் சிரிப்பார்கள்.

எங்களுக்குத் தெரிந்ததோ கிரிக்கெட். பேஸ்பாலில் மைதானத்துக்கு நாலு மூலை. பந்தை அடித்தவன் மூலை மூலையாகத் தொட்டுக்கொண்டு சுற்றி, புறப்பட்ட இடத்தில் பதித்திருக்கும் பிளேட்டுக்கே வந்து சேர வேண்டும். அப்போதுதான் ஒரு ரன். முதல் மேட்ச்சில் எங்கள் கருப்பையா பிரமாதமாக ஒரு அடி அடித்தான். முதல் மூலைக்கு ஓடினான், தொட்டான்... அப்படியே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்தான். கையில் பேட்டோடு! ரெண்டு ரன் எடுத்துவிட்ட பெருமை வேறு முகத்தில். எதிர் டீம்காரர்கள் பந்தை எறிய மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பந்து வீசுகிறவனும் இதே கருப்பையாதான். புளியமரத்தில் கல் விட்டுப் பழகிய கை. குறி தப்பவே தப்பாது. குறி எது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் எதிரே நிற்கிறவனின் தொடை! முகத்தில் கம்பி முகமூடி மாட்டிக்கொண்டு பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சர் வேலை எங்கள் கேன்டீன் மாஸ்டருக்கு. மனிதர் அப்பளம் பொரிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார்.

நாலு வருஷம் ஆடினோம். வரிசையாகத் தோற்றோம். ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச், கோயம்புத்தூர் மில் டீமோடு. கடைசி நேரம். ரெண்டு பக்கமும் சமம். மூன்றாவது மூலையில் எங்கள் ஆள் ஒருவன் நிற்கிறான். கருப்பையா தட்டிய பந்து காலடியிலேயே விழுகிறது. மூன்றாவது மூலைக்காரன் பாய்கிறான். பிளேட்டை மறைத்துக்கொண்டு மலை மாதிரி அவர்களுடைய கேட்சர். சரளைத் தரையில் நெஞ்சு தேய, முழங்கால் கிழிய, சறுக்கிக்கொண்டு போய் எங்கள் ஆள் பிளேட்டுக்குக் கையை நீட்டுகிறான். "சேஃப்!" என்கிறார் அம்பயர். அவுட் இல்லை, ரன்!

பாய்ந்தவன் நான்தான் என்று எழுதியிருந்தேன்.

பாய்ந்தவன் சவரிமுத்து.

நான் எங்கே இருந்தேன்? வெளியே, பெஞ்சில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். நாலு வருஷமும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். 'சவரி பாய்ந்தான்' என்று. படித்துப் பார்த்தேன்... எதுவோ குறைந்தது. 'நான் பாய்ந்தேன்' என்று மாற்றினேன். அடடா, கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது! மில்லை மூடி எவ்வளவோ காலம் ஆயிற்று. ஆட்டக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போயாயிற்று. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? என் மனைவி மட்டும், "பஸ்ஸுக்கே ஓட மாட்டீங்க... நீங்க பாஞ்சீங்களா?" என்று கேட்டாள். அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போனில் அந்த அம்மா விடவில்லை. பெயர் ஜெயராணியாம்.

"எங்க அண்ணன் அருள்ராசு டீக்கடையில வச்சு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சத்தமா வாசிச்சுப்புட்டாரு. 'என்னா மாப்ள, உன் ஓட்டத்த வேற ஆளு ஓடிருக்காரே'ன்னு. இவரு வெளிய தலைகாட்டவே மாட்டேங்குறாரு. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே இவரு சொன்ன கதை சார் அது! எனக்கே இப்ப சந்தேகமாப் போச்சு. பொய் சொல்லித்தான் என்னையக் கட்டுனாரா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஓடுனது யாரு?"

போனிலேயே சொல்லியிருக்கலாம். 

"ஞாயித்துக்கிழமை நேர்ல வாரேம்மா."

"வாங்க. எங்க அண்ணனையும் வரச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரமாகப் பார்த்துப் போய் இறங்கினேன். சாணார்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம். வீட்டைச் சுற்றி மல்லிகைத் தோட்டம். அதுதான் இப்போது சவரியின் பிழைப்பு. ஆள் அன்றைக்கு இருந்த மாதிரியே ஒல்லி. தலை மட்டும் வெளுத்திருந்தது.

"வாங்க சார். உக்காருங்க சார்."

நாலு வருஷம் என் தூக்குவாளியில் கைவிட்டுத் தின்றவன். 'ஏலே' என்பதைத் தவிர வேறு எப்படியும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஒருவனை மரியாதையாலேயே அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அருள்ராசு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. சட்டைப் பையில் மடித்த பேப்பர். அது எந்தப் பேப்பர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் எழுந்து நின்றுகொண்டேன். "தப்பு என்னோடது. அன்னிக்கு ஓடுனது சவரிதான். நான் பெஞ்சில உக்காந்திருந்தேன்."

அருள்ராசு பேப்பரை விரித்தார். "அதெப்புடி சார்? அச்சுல வந்திருக்கே."

"நான்தாங்க பொய்யா எழுதிட்டேன்."

"பேப்பர்ல பொய் எழுத விடுவாங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்!

"மாப்ள பாவமேன்னு எரக்கப்பட்டுச் சொல்றீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

கொடுமையைப் பாருங்கள். பொய் எழுதினேன், உடனே நம்பினார்கள். உண்மை சொன்னேன், பெரிய மனசு என்கிறார்கள். சவரி வேட்டியை ஒதுக்கி முழங்கால் தழும்பைக் காட்டினான். "இது கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்ததாக்கூட இருக்கும்" என்றார் அருள்ராசு. அடுத்து என் முழங்காலைக் கேட்பாரோ என்று நான் பேன்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயராணி வெளியே வந்தார்.

"பேசுனது போதும். ரெண்டு பேரும் ஓடுங்க."

"என்னம்மா?"

"அந்தா, மோட்டார் ரூம்லருந்து இங்க வரைக்கும். அன்னிக்கு யாரு ஓடிருப்பாகன்னு நான் பாத்துக்கிறேன்." சொல்லிக்கொண்டே ஒரு காலி உரச் சாக்கை நாலாக மடித்து வாசலில் போட்டார்.

"ராணி, வேணாம்" என்றான் சவரி.

"ஓடுங்க."

ரெண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அவனுக்கு இடுப்புவலி. எனக்கு இடுப்பே கிடையாது, வயிறுதான். பேசாமல் மோட்டார் ரூம் வரை நடந்தோம். அங்கே போய் நின்றதும் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"எதுக்கு சார் அப்புடி எழுதுனீக?"

"ஆசைதான் சவரி. ஒரு தடவையாச்சும் அது நானா இருக்கணும்னு."

வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு சொன்னான்: "விடியப் பூப் பறிக்கிறேன், கொண்டுபோய்ப் போடுறேன். மறுநாளும் அதேதான். நானும் ஒரு ஆளுன்னு சொல்லிக்க என்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செடியைப் பார்த்தேன்.

அருள்ராசு விசில் அடித்தார்.

கௌரவமாகத் தோற்றுக் கொடுத்துவிடலாம் என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். அந்தச் சிரமமே எனக்கு வரவில்லை. பத்தாவது அடியில் மூச்சு நின்றது. பாதி வழியில் ஒரு தென்னை மரம் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அங்கிருந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

சவரி குனிந்து ஓடினான். கைகள் ரெண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. சாக்குக்குப் பத்தடி இருக்கும்போது... பாய்ந்தான்! யாரும் அவனைப் பாயச் சொல்லவில்லை. மறிக்க எந்தக் கேட்சரும் இல்லை. செம்மண் புழுதி ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. அடங்கியபோது அவன் குப்புறக் கிடந்தான். ஒரு கை சாக்கின்மேல் இருந்தது.



அருள்ராசுதான் முதலில் ஓடினார். "மாப்ள... ஏ மாப்ள! அடிபட்டிருச்சா?" தூக்கி உட்கார வைத்தார். முழங்கையில் ரத்தம். துடைக்க எதுவும் கிடைக்காமல், சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்து ஒற்றினார். என் பத்தி ஒரு மனிதனுக்கு உருப்படியாகப் பயன்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

"கோயிலுக்குப் போட்டுட்டுப் போன சட்டை... கிழிச்சுட்டு நிக்கிறதப் பாரு" என்றார் ஜெயராணி. திட்டிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் அப்பியிருந்த மண்ணை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எங்கள் நாலு வருஷ ஆட்டத்தில் யாருக்கும் கிடைக்காத கோப்பை அது.

சவரி எழுந்தான். ஒரு செம்பு தண்ணீரோடு தென்னை மரத்துக்கு வந்தான்.

"இந்தா, குடிலே."

நான் குடித்த தண்ணீரிலேயே ருசியான தண்ணீர் அதுதான்.

மதியம் கோழிக்குழம்பு. என்னை விடவில்லை. சவரி மூன்று முறை சோறு வாங்கினான். சாப்பாட்டுக்கு நடுவே அருள்ராசுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"அப்ப சார்... அந்த மேட்ச்சுல நீங்க என்னதான் பண்ணுனீக?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? "அந்தக் கேட்சர் சைஸப் பாத்துப் பயந்து கண்ண மூடிக்கிட்டேங்க. 'சேஃப்'னு சத்தம் கேட்டுத்தான் தெறந்தேன்."

சவரியின் கை தட்டிலேயே நின்றது.

"ஏலே... அப்ப நீயும் பாக்கலையா?"

"நீயும்னா?"

"நான் மட்டும் கண்ணத் தெறந்துக்கிட்டா பாஞ்சேன்? பிளேட்டத் தொட்டேனா, அந்தாளு ஷூவைத் தொட்டேனான்னு இன்னிவரைக்கும் எனக்கே தெரியாதுடா!"

ஆக, எங்கள் டீம் சரித்திரத்தின் ஒரே வெற்றியைக் கண்ணால் பார்த்தவர் அம்பயர் ஒருத்தர்தான்... அவரைத் தேடிப் போகிற உத்தேசம் எங்கள் ரெண்டு பேருக்குமே இல்லை!