அடுப்பங்கரை இல்லாத பொம்மை வீடு

காலை ஏழு மணி வாக்கில் மதுரையில் செங்கோட்டை ரயில் ஏறினேன். சட்டைப் பையில் ஐந்து அங்குல உயர மரப்பொம்மை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வீட்டுக்கு அடுப்பங்கரைச் சாமான் வாங்கத்தான் இந்தப் பயணம்.

வீட்டை நானே செய்தேன். மதுரையில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்; ராத்திரி கடை மூடியபின் பிளைவுட் அறுத்து, ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்து எழுப்பிய வீடு. மகள் மீனாவுக்கு எட்டு வயது. என் மனைவியும் நானும் பிரிந்தபின் அவள் அம்மாவோடு திருநெல்வேலியில் இருக்கிறாள். காலாண்டு லீவுக்கு இரண்டு நாளாவது என்னோடு வந்து இருக்கமாட்டாளா என்ற ஆசையில் செய்தது. போட்டோ அனுப்பினேன். "அடுப்பங்கரை எங்கப்பா? பொம்மை எங்கன சாப்பிடும்?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை. நான் இருக்கிற அறையிலும் அடுப்பங்கரை கிடையாது. மூன்று வேளையும் மெஸ்.

மரச் சொப்பு என்றால் குற்றாலம்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பத்தரை மணி போலத் தென்காசியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து ஐந்து கிலோமீட்டர் போனேன். வழியெல்லாம் மலை மேகத்துக்குள் இருந்தது. அருவியில் தண்ணீர் எப்படி என்று டிரைவரிடம் கேட்டேன். "விழுது, ஆனா மனசில்லாம விழுது" என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே எனக்குப் பயணம் பிடிக்கும்.

அருவிக்குப் போகும் பாதையில் பாதிக் கடைகள் தார்ப்பாய்க்குள் இருந்தன. திறந்திருந்த ஒரு சொப்புக் கடையில் கோமதி என்ற அம்மாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சீசன் போச்சு அண்ணாச்சி. இப்பம் குரங்கும் நாங்களுந்தான்."

சிவப்பும் மஞ்சளுமாகக் கடைசல் சாமான்கள். பொம்மையை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். குடம் அதன் இடுப்பு வரை வந்தது. அம்மியில் அது படுத்தே தூங்கலாம்.

"இதுக்குத் தக்கன அடுப்பங்கரை வேணும்" என்றேன்.

அவர் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அத முதல்லே சொல்லக்கூடாதா? எங்க அண்ணன் சங்கரன் குத்துக்கல்வலசையில இருக்கான். அவன்தான் அளவா செய்வான்." உடனே போன் போட்டார். "ஏண்ணே, ஒருத்தர் வருதாரு. பாவம், தனியாத்தான் வந்திருக்காரு."

எதற்குப் பாவம் என்று புரியவில்லை. தென்காசிக்குத் திரும்பி, அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர். புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் தெருவில், தகரக் கொட்டகைக்குள் சங்கரன் ஒரு கட்டில் காலை இழைத்துக்கொண்டிருந்தார். மேலே கயிற்றில் உள்ளங்கை அகலத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. பிள்ளை வேண்டுகிறவர்கள் கோயில் மரத்தில் கட்டுவதற்கு வாங்கிப்போவார்களாம்.

உளியை எடுத்துக்கொண்டு கேட்டார். "யார் பேருக்கு நேர்ச்சை?"

அப்போதுதான் விளங்கியது. சின்னதாக மரச்சாமான் கேட்டு வருகிறவன் சாமிக்கு நேர்ந்துகொண்டவனாகத்தான் இருப்பான் என்பது அண்ணன் தங்கை இருவரின் எண்ணம். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மீனா" என்று வந்தது.

"என்ன வேண்டுதல்?"

"அவ வந்து ரெண்டு நாள் என்கூட இருக்கணும்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சங்கரன் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். மூன்று மணிக்குள் அடுப்பு மேடை, இரண்டு தட்டு அலமாரி, உட்கார்ந்து தேங்காய் துருவுகிற சிரவை எல்லாம் ஆயின. நேர்ச்சைச் சாமானில் இரும்பு வைக்கமாட்டாராம். சிரவையின் நாக்கைத் தேங்காய்ச் சிரட்டையில் அறுத்திருந்தார். பொம்மையை அதன்மேல் உட்கார வைத்தேன். காலை மடக்கச் சொன்னால் மடக்கும்போல, அவ்வளவு பொருத்தம்.

முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். "அம்மன் கோயில் அந்தா தெரியுது பாருங்க. வேப்பமூட்டுல வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்திருங்க."

"வச்சிட்டா?"

"பின்ன? நேர்ந்தத வீட்டுக்கா கொண்டு போவீய?"

உண்மையைச் சொன்னேன். பொம்மை வீடு, மதுரை, லீவு, எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது.

"பேரச் சொல்லி உளி வச்சாச்சே அண்ணாச்சி. நீங்க சும்மா சொன்ன மாதிரியும் தெரியலையே. பிள்ளைக்கு வேற செஞ்சு தாறேன். ஆனா இந்தக் கட்டில் வேலை முடியணும், ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரத்தில் லீவு தொடங்கி முக்கால்வாசி போய்விடும். எனக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கையும் இல்லை. பேசாமல் ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை. வேப்பமரத்தடியில் நாலைந்து தொட்டில்கள் மழையில் வெளுத்துக் கிடந்தன. நடுவில் என் அடுப்பங்கரையை வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

சாயங்கால ரயிலில் கூட்டமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மீனாவைக் கூப்பிட்டேன்.

"வாங்கிட்டியாப்பா?"

"வாங்கினேன். கோயில்ல வச்சிட்டேன்."

"எதுக்கு?"

"நீ லீவுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அத ஏன் சாமிகிட்ட கேக்க? என்கிட்டக் கேக்கலாம்லா" என்றாள்.

இரண்டு வருடமாக அவளிடம் தினமும் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, ஹோம்வொர்க் முடித்தாயா, இருமல் நின்றதா. இதைக் கேட்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு நாளைத் தள்ளுவது?

ரயில் தென்காசியை விட்டு நகர்ந்தது. கேட்டேன். "ரெண்டு நாள் அப்பாகூட வந்து இருக்கியாம்மா?"

"ரெண்டு நாளா?" என்றாள் மீனா. "லீவு ஒம்பது நாளுல்லா இருக்கு."