ஆஃப் பண்ணாதே!

போன புதன்கிழமை, சேக்காடு. கார் ஷெட்டில் இருந்தவர்கள்: ஞானப்பிரகாசம் அண்ணன். அவர் மகள் ஸ்டெல்லா — அன்று சாயங்காலம் பட்டாபிராம் மாதா கோயிலில் அவளுக்குக் கல்யாணம். என் மச்சான் தேவராஜ். கடைசியாக நான், லாரி ஷெட் ஃபிட்டர்.

நடுவில் கார். கறுப்பு. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ஏழு வருஷமாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

சம்பந்தி வீட்டில் அண்ணன் வாயை விட்டுவிட்டார் — "எம் பொண்ணு சொந்தக் கார்லதான் வந்து எறங்கும்." டாக்ஸி சொல்லலாமே? சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளக், கார்புரேட்டர் எல்லாம் முந்தின நாளே சுத்தம் செய்தாச்சு. பேட்டரி இரவல். செல்ஃப் ஸ்டார்ட் எடுக்க அதற்குத் தெம்பில்லை. முன்னால் ஹேண்டில் மாட்டிச் சுற்றுவதுதான் வழி. நானும் தேவராஜும் மாறி மாறிச் சுற்றினோம். இருமியது. புகைந்தது. நின்றது. மறுபடி இருமியது... பத்து மணி வாக்கில் பிடித்துக்கொண்டது.

ஷெட்டே அதிர்ந்தது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"டேய், ஆஃப் பண்ணாதே! கைய எடு!"

"கல்யாணம் அஞ்சு மணிக்குண்ணே."

"இருக்கட்டும். நின்னுட்டா மறுபடி வருமா?"

"சூட்டுல சுலபமா எடுக்கும்ணே."

"கேரண்டி குடுப்பியா நீ?"

கொடுக்க முடியுமா? கையை எடுத்தேன்.

ஓடியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பெட்ரோலுக்கு தேவராஜ் டின்னோடு சைக்கிள் மிதித்தான். அண்ணன் உட்காரவே இல்லை. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சத்தம் கொஞ்சம் இறங்கினால் ஓடிவந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

"மாமே," என்றான் தேவராஜ் என்னிடம், "பூசை முடியறவரைக்கும் கோயில் வாசல்லயும் இப்டியே உறுமிகினு நிக்குமா? சாமியார் பேசறது யாருக்குக் கேக்கும்?"

"வாய மூட்றா," என்றார் அண்ணன்.

கஷ்டப்பட்டுக் கிடைத்ததை நிறுத்திப் பார்க்க மனசு வராது. எங்கள் லாரி ஷெட்டில் ஒருத்தர் ஜுரத்தோடும் வருவார். ஒரு நாள் நின்றால் வேலை போய்விடுமாம். வேலை போகாது. பயமும் போகாது.

வீட்டுக்குள் போயிருந்த ஸ்டெல்லா மதியம் திரும்பி வந்தாள். தலையில் பூ, உடம்பில் பழைய புடவை. கார் ஜன்னலுக்குள் கையை விட்டாள். சாவியைத் திருப்பினாள்.

பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது.

அண்ணன் ஓடிவந்தார். "ஏம்மா..." என்றார்.

"நிக்கறதுன்னா இங்கயே நிக்கட்டும் நைனா. டாக்ஸி புடிக்க டைம் கீது. நடு ரோட்ல நின்னா? வெள்ளைப் புடவையோட நான் எறங்கித் தள்ளணுமா?" என் பக்கம் திரும்பினாள். "நீ சுத்து சித்தப்பா."

ஹேண்டிலை மாட்டினேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். காதையும் பொத்திக்கொண்டார்.

சுற்றினேன்.

தரை அதிர்ந்த பிறகுதான் காதிலிருந்து கையை எடுத்தார். அப்போதும் திரும்பவில்லை.

"எத்தினி சுத்து?"

"மூணு."